தட்டுகிற கீபோர்டில் ஐந்து பொட்டு

என் பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே, ஒரு பழைய கம்ப்யூட்டர் கீபோர்டு கிடக்கிறது. பழுப்பேறிப்போன, கனமான சாமான். இன்றைக்கு இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரிலும் அதைச் செருக முடியாது. அதன் ஐந்து பொத்தான்களில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. நான்கு அரக்கு நிறம், ஒன்று மட்டும் பச்சை. "இந்தக் குப்பையை எதுக்குக் கட்டிக்கிட்டு அழுற?" என்று பீரோவைத் திறக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் கேட்பார். அரக்குப் பொட்டுகள் நான் ஒட்டியவை. பச்சை நான் ஒட்டியது அல்ல.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் ஆற்றுப் பாலத்தைக் கடந்து போய்வருவேன். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். கிறிஸ்துமஸ் கேசட், கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடுகிற அம்மன் பாட்டு, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு, எது வந்தாலும் அதற்கு இசை கோப்பவர் ஒருவர்தான். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர். எங்களுக்கு அவர் சார். பிறவியிலேயே பார்வை கிடையாது. சுடலைமாடனுக்குப் பாட்டுப் போடும் நாளில் மட்டும், "எங்க போதகர் காதுக்குப் போயிராம பாத்துக்கிடும் வே" என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, அந்தப் பாட்டுக்குத்தான் மற்றதைவிட உறுமியைக் கூடுதலாகப் போட்டு வைப்பார்.

ஸ்டூடியோவில் இரண்டு கீபோர்டு உண்டு. ஒன்று வாசிக்கிற கீபோர்டு, இன்னொன்று தட்டுகிற கீபோர்டு. வாசிப்பதைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். அப்புறம் வயலின், புல்லாங்குழல், தபேலா என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக ஓடுகிற பழைய டாஸ் புரோகிராம் அது. எல்லாமே பொத்தான்தான். எந்தப் பொத்தானுக்கு அடுத்து எதைத் தட்ட வேண்டும் என்று சாருக்கு மனப்பாடம். தப்பாகத் தட்டினால் கம்ப்யூட்டர் 'பீப்' என்று கத்தும், சார் "சரி சரி, கத்தாதே" என்று அதைச் சமாதானப்படுத்துவார். அவருக்கு அடிக்கடி தேவைப்பட்ட பொத்தான்கள் ஐந்து. ஓட்ட, நிறுத்த, பின்னால் போக, அழிக்க, பதிய. விரலுக்கு அடையாளம் தெரியட்டும் என்று ஒருநாள் என் கைப்பையில் இருந்த அட்டையிலிருந்து ஐந்து பொட்டை உரித்து ஒட்டிவிட்டேன். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். "எங்க வீட்டுல டீச்சர் நெத்தியிலயே பொட்டு கெடையாது. எங் கீபோர்டுக்கு வச்சுட்டியே எம்மா!" டீச்சர் என்றது அவர் மனைவியை.

அப்போதுதான் புதிய மியூசிக் சாஃப்ட்வேர் வந்தது. பாடுகிறவர் குரலையே கம்ப்யூட்டருக்குள் பதியலாம், வெட்டலாம், ஒட்டலாம். மெட்ராஸ் கேசட் மாதிரி நம்ம கேசட்டும் இருக்கும் என்று அண்ணாச்சிக்கு ஆசை காட்டியது நான்தான். ஆனால் அது பழைய சிஸ்டத்தில் ஓடாது. ஜன்னல் ஜன்னலாகத் திறக்கிற புதிய சிஸ்டத்துக்கு முதலில் மாற வேண்டும். ஜங்ஷனிலிருந்து மெக்கானிக் வந்தார். வேலையைத் தொடங்கும் முன் கேட்டார். "பழசையும் ஒரு ஓரமா வச்சுக்கிடலாம்க்கா. ஆன் பண்ணும்போது எது வேணும்னு கேக்கும். என்ன, குரல் பதிய எடம் கொஞ்சம் கொறையும்." எனக்கு யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. "வேண்டாம், முழுசா அழிச்சுருங்க" என்றேன்.

இடம் குறையும் என்பதால்தான் சொன்னேன் என்று ரொம்ப காலம் எனக்கே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் நிஜம். கறுப்புத் திரைக்கு முன்னால் சார்தான் ராஜா. கம்ப்யூட்டர் படித்த நான் அதை ஆன் செய்து கொடுத்துவிட்டு, டீ வாங்கிவரச் சொல்லிக் கீழே குரல் கொடுக்கிற ஆள். புதியது வந்தால் நான் இல்லாமல் ஒன்றும் நகராது. அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு இனித்தது என்பதைச் சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது.

மறுநாள் சார் வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டரோடு கீபோர்டும் புதிதாகியிருந்தது. இரண்டு கையையும் வைத்து, ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார்.

"பொட்டு எங்கம்மா?"

இனி பொத்தான் அவ்வளவாகத் தேவைப்படாது, எல்லாம் மவுஸ்தான் என்று உற்சாகமாக விளக்கினேன். அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். அவர் மெதுவாக நகர்த்தினார். "இப்ப எங்கன நிக்கு?" திரையில் அம்புக்குறி மேல் மூலையில் நிற்கிறது என்றேன். இன்னும் கொஞ்சம் நகர்த்தி, "இப்ப?" என்றார். "இப்ப?" அவர் அப்படிக் கேட்டுக்கொண்டே போனது எனக்குப் பொறுக்கவில்லை. மவுஸை அவர் கைக்குள்ளிருந்து பைய உருவிக்கொண்டேன். "நான் இருக்கேன்லா சார். நீங்க சொல்லச் சொல்ல நான் செய்யுதேன்." அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். "பழசையும் ஓரமா வச்சுக்க வழியில்லையாம்மா?" மெக்கானிக் கேட்ட அதே கேள்வி, ஏறக்குறைய அதே வார்த்தைகள். "வழியில்லையாம் சார். மெக்கானிக் சொல்லிட்டாரு" என்றேன். கண் தெரியாதவரிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம்! முகத்தை ஒளிக்கக்கூட வேண்டியதில்லை. ஆனால் அவர் குரலைக் கேட்கிறவர். என் குரலில் அன்றைக்கு என்ன கேட்டாரோ, "சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கிறிஸ்துமஸ் கேசட்டை அப்படித்தான் முடித்தோம். முன்பெல்லாம் ஒரு வயலின் வரியை எத்தனையோ விதமாக வாசித்துப் பார்ப்பார், அழிப்பார், மறுபடி வாசிப்பார். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்போது ஒவ்வொன்றுக்கும் நடுவில் என் கை இருந்தது. இரண்டாவது முறை கேட்கவே கூச்சப்பட்டார். மூன்றாவது முறை கேட்டால் என் மூச்சு கொஞ்சம் பெரிதாக வந்துவிடும். "நல்லாத்தானே சார் இருக்கு?" என்பேன். "இருக்கு, இருக்கு. உனக்குக் கை வலிக்கும், விட்டுரு" என்பார். கேசட் பளிச்சென்று இருந்தது. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அதில் சாருடைய வேலைப்பாடு எதுவும் இல்லை. முதலில் கைக்குக் கிடைத்ததை வைத்துப் பந்தி பரிமாறின மாதிரி இருந்தது. எனக்கு அது தெரிந்தது. பழைய புரோகிராமின் பிளாப்பிகள் என் மேஜை டிராயரிலேயே கிடந்தன. மெக்கானிக்குக் குரல் கொடுத்தால், பழசைத் திரும்ப ஏற்றுவது ஒரு காலை நேர வேலை. கூப்பிட்டிருந்தால் என் பொய் வெளியே வந்திருக்கும். டிராயரை இழுப்பேன், பார்ப்பேன், மூடிவிடுவேன்.

பிறகு சார் வருவது குறைந்தது. "நீயே போட்டுருவேல்லா" என்று சொல்லியனுப்புவார். கடைசியாக வந்த அன்று, மூலையில் பழைய இரும்புக்காரனுக்காக ஒதுக்கி வைத்திருந்த கீபோர்டைக் கேட்டார். "அது சும்மா ஒயரும் பொத்தானுந்தானே சார், என்னத்துக்கு?" என்றார் அண்ணாச்சி. "கெடக்கட்டும் வே, தாரும்" என்றார் சார். நான்தான் துடைத்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வருஷம் கல்யாணமாகி ஊரைவிட்டு வந்துவிட்டேன்.

சார் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. துக்கம் கேட்கப் போனேன். சாரைக் கூட்டிப்போக முன்பு ஸ்டூடியோவுக்கு வந்து போயிருந்த டீச்சர், என்னைக் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார், சாரோடு வாழ்ந்த பழக்கம். முன்னறையில், வாசிக்கிற கீபோர்டுக்குப் பக்கத்தில், பூத்தையல் போட்ட துணிக்கு அடியில் அது இருந்தது. ஒயர் எதிலும் செருகாமல் சுருட்டிக் கட்டியிருந்தது.

"சாயங்காலம் ஆனா இதை மடியில வச்சுத் தட்டிக்கிட்டே இருப்பாவ. பாட்டு கட்டுதாவன்னு நான் கதவைச் சாத்திட்டு வந்துருவேன்" என்றார் டீச்சர். "ஒரு பொட்டு தேஞ்சு உதிந்து போச்சு. விரலுக்குத் தட்டுப்படலன்னு ஒரே எரிச்சல், சோறு வேண்டாம்னுட்டாவ. என்ன செய்ய? நானே போயி வாங்கியாந்தேன். பொறந்ததுலேருந்து பொட்டுக் கடையில நின்னவளா நானு? எம்பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க யாரும் பாத்துருமோன்னு கைக்கு வந்ததை எடுத்துட்டு ஓடியாந்தேன். வீட்டுல வந்து பாத்தா பச்சை!" டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் குனிந்து பார்த்தேன். பச்சைப் பொட்டு இருந்தது பதிகிற பொத்தானில்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னைய ஒருநாளும் கொறை சொன்னதில்ல. 'அந்தப் பிள்ள எனக்காவ எவ்வளவோ பாத்துது, மிஷின்தான் எடங்குடுக்கல'ன்னுதான் சொல்லுவாவ." திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். டீச்சர் அந்தக் கீபோர்டைத் துணியோடு எடுத்து என் மடியில் வைத்தார். "நீ ஒட்டுனதுதானே, நீயே வச்சுக்கம்மா." சுருட்டிய ஒயரைத் துணிக்குள் தள்ளி, அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நேற்று பீரோவை ஒழுங்கு செய்தபோது அதை வெளியே எடுத்தேன். பச்சைப் பொட்டின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. கண்ணாடிக்குக் கீழே என் பொட்டு அட்டை கிடந்தது, கை எட்டுகிற தூரம்தான். புதிதாக ஒன்றை உரித்து ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குக் கை வரவில்லை. டீச்சர் ஒட்டியதை நகத்தால் அழுத்திவிட்டு, துணியைப் போட்டு மூடி வைத்தேன்.