தட்டில் குறையில்லை

நால்வர் சேர்ந்து வாசித்த அந்த மேற்கத்திய வயலின் இசைத்தட்டைத் திருப்பி அனுப்பியபோது, விற்றவரை நன்றாகவே திட்டி எழுதினேன். முதல் வயலின் உச்சிக்கு ஏறும் இடமெல்லாம் மொட்டையாக இருக்கிறது, இப்படி மட்டமாக அச்சடித்து ஆளை ஏமாற்றுகிறீர்களே என்று. இசை கேட்கிற விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. சரவணம்பட்டி அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை முழுக்கத் தட்டுகளாக வாங்கி அடுக்கியிருப்பவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? மனிதர் மறுபேச்சில்லாமல் வேறு தட்டு அனுப்பினார். அதிலும் அதே மொட்டை.

மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு இந்தச் சமாச்சாரமெல்லாம் பிடிக்காது. ஆனாலும் கண்ணை மூடிக் கேட்டாள்.

“நல்லாத்தானுங்க கேக்குது. உச்சத்துல அழுகற மாதிரி கீச்சுன்னு போகுதே, அதையத்தான் இல்லைங்கறீங்களா?”

அதைத்தான் இல்லை என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகுதான் காது டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். வெகுநேரம் எதுவும் வரவில்லை. மிஷின் ரிப்பேர் போலிருக்கிறது என்றுதான் அங்கேயும் நினைத்தேன். வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “தறி ஓட்டற ஊடுங்களா?”

ஆமாம். பல்லடத்துக்குப் பக்கத்தில், விசைத்தறிக் குடோனுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். படித்தது, தூங்கியது எல்லாம் அந்தத் தடதடப்புக்குள்தான். வேலை கிடைக்கும்வரை நானும் தறி ஓட்டினேன். காதில் பஞ்சு வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பஞ்சு எங்கள் மூக்கில்தான் இருந்தது. சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். அப்பா வாசலில் நின்று வைய ஆரம்பித்துவிடுவார். அதனால் அமைதியான வீட்டில் எனக்கு இன்றும் இருப்புக்கொள்ளாது. ஆம்பியன்ட் இசை பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம். தாளம் இல்லை, பாட்டு இல்லை, அடியில் ஒரு ரீங்காரம் மட்டும் தன் போக்கில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படி ஓர் ஆல்பத்தில் மேலே மெல்லிய கம்பி மாதிரி ஓர் ஓசை இழையும். அந்த ஆல்பத்தின் உயிரே அதுதான் என்று நண்பர்களிடம் அளந்துகொண்டிருந்தேன். ஒரு தட்டு முடிந்ததும் அடுத்ததைப் போட்டுவிடுவது என் வழக்கம். டாக்டரிடம் போய்வந்த பிறகு ஒருநாள், அந்த ஆல்பம் முடிந்தும் அடுத்ததைப் போட மனமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஊசி எழும்பிய பிறகும் அந்த ஓசை நிற்கவில்லை. அது தட்டில் இருந்ததே இல்லை. என் காதுக்குள் இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

போனது திரும்பாது, இன்னும் போகும் என்றார் டாக்டர். காதில் மாட்டும் கருவி பேச்சுக்கு ஓரளவு உதவுமாம், இசைக்கு அவ்வளவாக உதவாதாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரிடம் கத்தியிருப்பேன். அவருக்குக் கேட்டிருக்காது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டாவது மிச்சம் இருக்கிறது என்று நம்பினேன். கனத்த குரல், ஒற்றை கிட்டார், எல்லாம் கீழேயே நடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அதையே போட்டுக் கேட்டேன். பாடுகிறவனின் வார்த்தைகள் கரைந்துபோய் முனகல் மட்டும் வந்தது. பேச்சிலும் இதுதான் நடக்குமாம். சகரம், தகரம் எல்லாம் முதலில் தேய்ந்துவிடும், மூக்கால் வரும் ஒலி கடைசிவரை நிற்கும். வாய்க்கு வாய் ‘ங்க’ போடும் எங்கள் ஊருக்கு இதைவிடக் கேலி வேண்டாம். மரியாதை கேட்கும், விஷயம் கேட்காது.

அன்று அந்தப் பாட்டுக்கு நடுவே மனைவி சமையலறையிலிருந்து ஏதோ சொன்னாள். “ங்க” என்று முடிந்தது. காபி வேண்டுமா என்று கேட்கிறாள் போல என்று நினைத்து, “சரி அம்மணி” என்றேன்.

காபி வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பு எரியவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். என் முகத்துக்கு நேராகத் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாகச் சொன்னாள்.

“எனக்குப் பயமா இருக்குதுங்கன்னு சொன்னேன். நீங்க சரின்னு சொல்லிப்போட்டீங்க.”