வேனில் வந்த மல்லிகை

எண்பதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், திருவண்ணாமலையில் அறை எடுத்துத் தங்கிக் கம்ப்யூட்டர் படித்தேன். கணவருக்குக் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை. நெட்வொர்க் பாடத்தில் ஏழு அடுக்குகள் என்று ஒரு படம். செய்தி ஒவ்வோர் அடுக்காகக் கீழே இறங்கி, கம்பியில் போய், அந்தப் பக்கம் மறுபடி மேலே ஏறுமாம். ஆனாலும் ஒவ்வோர் அடுக்கும் எதிர்ப்பக்கத்துத் தன் ஜோடியோடு நேராகப் பேசுகிறதாம். நடுவில் இத்தனை பேரை வைத்துக்கொண்டு என்ன நேராக? எரிச்சலில் புத்தகத்தை மூடிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமைதோறும் கணவர் கண்டக்டரிடம் ஒரு பை கொடுத்தனுப்புவார். அன்று பஸ் வழியில் நின்றுவிட்டது. கடலை மூட்டை ஏற்றி வந்த வேன் டிரைவர், பையின் மேல் எழுதியிருந்த என் பெயரைக் கூவிக்கொண்டு வந்தார்.

"கண்டக்டர் குடுக்கச் சொன்னாருங்க. உள்ள இன்னா இருக்குன்னு தெரியாதுங்க."

பையை அவிழ்த்து, காகிதத்தைப் பிரித்து, வாழையிலையை விரித்தேன். ஈரம் காயாத மல்லிகை. கண்டக்டரும் உள்ளே பார்க்கவில்லை, டிரைவரும் பார்க்கவில்லை. அங்கேயே நின்று சூடிக்கொண்டேன். கணவரே நேராக என் தலையில் வைத்துவிட்டதுபோல் இருந்தது.