உடம்புல இரும்பு ஏதும் இருக்குங்களா?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பது பேருக்குத்தான் படம் பிடிக்கிற வேலை. உண்மையில் அது கஸ்டம்ஸ் வேலை. மாத்தளை டவுனில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில் அதைத்தான் செய்கிறேன். உள்ளே இருப்பது யானை அளவுக் காந்தம். ஸ்கேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது இரும்பை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் மறித்து, இரும்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒரே கேள்வியை நாள் முழுக்கக் கேட்டு, ஒரே பொய்யை நாள் முழுக்க வாங்கிக்கொள்கிற பஸ் கண்டக்டர்களே, பள்ளிக்கூட டீச்சர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ஊசிக் கொத்து

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கழுத்து வலியோடு ஓர் அக்கா வந்தார். தாலியைக் கழற்றச் சொல்வதென்றால் எனக்கு எப்போதும் தயக்கம். ஏச்சு வாங்கிய அனுபவம் அப்படி. இவரோ நான் வாயைத் திறக்குமுன்னே கழற்றி, வெளியே இருந்த புருஷன் கையில் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷி என்று நினைத்தேன்.

உள்ளே அனுப்புமுன் சோதிக்கிற கருவியை மேலே பிடித்தால் கீச்சென்று கத்துகிறது. தாலிக் கொடியில் மாட்டியிருந்த, சேலைக்குக் குத்துகிற ஊசிகளை எல்லாம் உருவி, நாங்கள் கொடுத்த கவுனின் முதுகுப் பக்கத் திறப்பை மேலிருந்து கீழ்வரை குத்தி வைத்திருக்கிறார். எடுக்கச் சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தாலியக் கேட்டீங்க, குடுத்துட்டேன். ஊசியக் கேக்காதீங்க மிஸ். இந்தக் கவுன் அவுந்துச்சுன்னா உங்க காந்தமா வந்து மூடும்?"

வாத்தியார் சொன்ன விளக்கம்

வஹகோட்டையிலிருந்து முழங்கால் ஸ்கேனுக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். "நெஞ்சுக்குள்ள ஏதும் மெஷின் வச்சிருக்காங்களா சேர்?" என்று கேட்டேன். "இல்லை" என்றார், வகுப்பில் சொல்வதுபோல அழுத்தமாக. கவுன் மாற்றிக்கொண்டு வந்தபோது பார்த்தால், காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு. இதயத் துடிப்பைச் சீராக ஓட்டுகிற பேஸ்மேக்கர்!

சில வகைகளை டொக்டர் சரிபார்த்த பிறகு உள்ளே விடலாம். சில வகைகள் காந்தத்திடம் போனால் தாறுமாறாக வேலை செய்யும், இதயமே நின்றுபோகலாம். அவருடைய டொக்டருக்குப் போன் போட்டேன். பழைய வகை, கிட்டவே விடாதீங்க என்றார். "ஏன் சேர் இல்லைன்னு சொன்னீங்க?" என்றேன். வாத்தியார் என்னைத்தான் திருத்தினார்.

"நீங்க மெஷின் இருக்கான்னுதானே கேட்டீங்க? மெஷின் இதயம். இது பேட்டரி."

கண்ணுக்குள்ளே

கலேவெலயில் வெல்டிங் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், எங்கள் பக்கத்துப் பேச்சில் 'நானா', தீராத தலைவலியோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டதா என்றேன். "ஒரு நாளும் இல்ல மகள்."

"அப்ப நோன்பு காலத்துல கண்ணக் கட்டிக்கிட்டுக் கெடந்தது யாரு?" என்றார் மனைவி.

"அது அப்பவே எடுத்தாச்சு!"

"யாரு எடுத்த? கடைப் பொடியன் துணி நுனியால எடுத்த!"

உடனே எடுத்துப் பார்த்த எக்ஸ்ரேயில் கண்குழிக்குள் வெள்ளையாக ஒரு புள்ளி. ஸ்கேனே வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். நானாவின் குரல் இறங்கிவிட்டது. "உள்ள போயிருந்தா?"

"அது நகர்ந்து பார்வையே போயிருக்கலாம் நானா."

அவர் மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மனைவி கையை விடுவிக்கவில்லை; முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாயையும் விடவில்லை.

"கறியில கெடக்குற முடி மட்டும் தெரியும். கண்ணுக்குள்ள கெடக்குற இரும்பு தெரியாதோ?"

திறந்திருந்த கதவு

இடுப்பு ஸ்கேன் முடிந்து ஒரு பெரியவரை மேசையிலிருந்து இறக்கி, தோளில் சாய்த்துக் கூட்டி வந்துகொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. மெஷின் சத்தம் நின்றுவிட்டதே, இனி என்ன என்று நினைத்து, அவருடைய மருமகன் உதவி செய்கிறேன் பேர்வழி என்று இரும்புச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"விடுங்க! விட்டுட்டு வெளிய போங்க!" என்று கத்திக்கொண்டே பெரியவரைச் சுவரோரம் இழுத்தேன். நாற்காலி மருமகன் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் பறந்தது. கொஞ்சம் முன்பு பெரியவர் தலை வைத்துப் படுத்திருந்த இடத்தில் போய் மோதி ஒட்டிக்கொண்டது. மருமகன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொழும்பிலிருந்து ஆள் வந்து அதைப் பிரித்தெடுக்கும்வரை நோயாளிகளை எல்லாம் கண்டிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பெரியவர் மட்டும்தான் நிதானமாக இருந்தார். என் காதருகே குனிந்து சொன்னார்:

"பொண்ணு கேட்டு வந்தப்பவும் இப்படித்தான் மிஸ். கதவு தெறந்திருக்குன்னு நேரா உள்ள வந்துட்டான்."

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது, "உடம்புல ஒண்ணுமே இல்லைங்க" என்று யாராவது சிரித்துக்கொண்டு சொன்னால், முதலில் சோதனை போட வேண்டிய ஆள் அவர்தான் என்பதே.