என் மகன் ஐந்தரை மணி நேரம் முந்திப் பிறந்த கதை

கடலூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவன் நான். என் மகன் பிறந்ததும் அங்கேதான். நான் சமைத்ததை நானே சாப்பிடும்படி ஆகிவிட்டது.

டேட்டாபேஸுக்குச் சொந்த ஊர் கிடையாது. உலகத்துக்கே பொதுவாக லண்டன் கணக்கில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளும். நமக்குக் காட்டும்போது அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் கூட்டியிருந்தேன். அந்த வாரம்தான் புதிதாகப் போட்ட டிஸ்சார்ஜ் தாளில் கூட்ட மறந்துபோனேன்.

பையன் பிறந்தது காலை பத்து நாற்பதுக்கு. தாளில் விழுந்தது ஐந்து பத்து. சிதம்பரத்தில் இருக்கும் மாமனாரிடம் போனில் "காலைல பொறந்தான்" என்று மட்டும் சொல்லியிருந்தோம். இரண்டும் காலைதானே. வாய்ப்பேச்சு போதாது, ஆஸ்பத்திரித் தாள் வேண்டும் என்று அவருடைய ஜோசியர் கேட்க, என் மனைவி படமெடுத்து அனுப்பினாள். கிருத்திகை நட்சத்திரம் என்று ஜாதகம் வந்தது.

மறுநாளே அவள் தம்பி வந்து இறங்கினான். பிள்ளையைத் தூக்கியவன் கீழே விடவில்லை.

"ரோகிணியா இருந்துடுமோன்னு பயந்துகிட்டே இருந்தேன் மாமா," என்றான்.

ரோகிணியில் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாதாம். அவர்கள் சொந்தத்தில் ஒருவர் அப்படிப் பிறந்த அக்கா மகளின் முகத்தைப் பத்து வருஷமாகப் பார்க்கவில்லை. பத்து வருஷம்! கிரகம் செய்யாத கெடுதலை மனுஷனே செய்துகொண்டிருக்கிறான்.

அவன் போன பிறகுதான் ஜாதகத்தில் நேரத்தைப் பார்த்தேன். தினக்காலண்டரில் பிள்ளை பிறந்த நாளின் தாளைப் புரட்டினேன்: கிருத்திகை காலை ஏழரை வரை, பிறகு ரோகிணி. எனக்கு நட்சத்திரத்தில் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் மச்சானுக்கு உண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரே வரியில் தப்பைத் திருத்தினேன். அந்த வாரம் பிறந்த பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் போன் போட்டு, மன்னிப்புக் கேட்டு, புதுத் தாள் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஒரு பாட்டனார் என் பரம்பரையையே வம்புக்கிழுத்தார். வாங்கிக்கொண்டேன். எங்களுக்கான தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சாஃப்ட்வேர், லண்டன், ஐந்தரை மணி என்று சுற்றி வளைத்தேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பத்து நாப்பது. எனக்குத் தெரியாதா? செவுத்துல இருந்த கடியாரத்தப் பாத்துக்கினேதான் பெத்தேன்," என்றாள். "தெரிஞ்சுதான் அந்தத் தாள அனுப்புனேன். எந்தம்பி வரணும்ல."

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். வாங்கி, தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். டேட்டாபேஸில் இப்போது எல்லா நேரமும் சரியாக இருக்கிறது. தப்பான ஒரே நேரம் ஜாதகமாகி, மூலைக்கு மூலை மஞ்சள் தடவி எங்கள் சாமி அலமாரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மச்சான் வந்துவிடுகிறான்.