குணசேகரம் அண்ணையின் இங்கிலாந்து

குணசேகரம் அண்ணை இங்கிலாந்துக்குப் போனது ஒரே ஒரு தடவை. அதுவும் மனைவியின் அக்கா மகளுடைய கலியாணத்துக்கு. மூன்று நாளில் திரும்பி வந்தவர், அன்று தொடக்கம் அந்த நாட்டைத் தான்தான் தாங்கிப் பிடிப்பதுபோலப் பேச ஆரம்பித்தார். முப்பது வருடமாக ஹம்பேர்க்கில் இருக்கிறார். இந்த ஊர் நகரசபையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் தெரியாது. லண்டனில் எந்த அமைச்சருக்கும் எந்த அமைச்சருக்கும் கொழுவல் என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்லுவார்.

எனக்கு மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. அவர் துறைமுகப் பக்கத்துக் கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வேலை முடிந்து எஸ்-பான் ரயிலில் வந்து இறங்கினால் என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்பார். கையில் எப்போதும் ஒரு கேம் பெட்டி. மகள் தேனுஜா தென் ஜேர்மனியிலுள்ள கார்ஹிங்குக்குப் படிக்கப் போனபோது வீட்டில் விட்டுவிட்டுப் போனது. பற்றறி பழுதாகாமல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்தாராம். அதற்குப் பிறகு கீழே வைக்கவில்லை. அதற்குள் அவருக்கு ஒரு தீவு இருந்தது. அங்கே ராசாவும் அவர்தான், நிதியமைச்சரும் அவர்தான்.

“லண்டனிலை இவங்களுக்கு ஆளத் தெரியேல்லை றெக்ஸ். என்ரை தீவைப் பார். நேற்று வரியைக் கூட்டினன். ஒரு சனம் வாய் திறக்கேல்லை.”

“உங்கடை சனத்துக்கு வாயே இல்லையே அண்ணை.”

கடைக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், தன்னைப் புகழ்ந்ததாக நினைத்துக்கொண்டு.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை மறைத்து என்ன வரப்போகிறது? பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு விலகியபோது, லண்டனிலிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த சாமான்கள் அப்படியே நின்றுபோயின. நான் வேறு ஆள் தேடி நாயாய் அலைந்தேன். அந்த நேரம் இந்த மனிதர் என் கடையின் வெறும் சாமான் தட்டுகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, “அவங்கள் வெளியாலை போகேல்லை றெக்ஸ், போனமாதிரி நடிக்கிறாங்கள்,” என்றார். அந்தக் கருத்தை அவர் இன்றுவரை மாற்றவில்லை.

அவருடைய மனைவி சுந்தரேஸ்வரி அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. அவருக்கு இருந்த ஒரே கூடப்பிறப்பு லண்டனிலிருந்த அக்கா புஸ்பவதி. இந்த வருடம் மாசி மாதம் புஸ்பவதிக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. மாரியைத் தாண்டமாட்டா என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். சுந்தரேஸ்வரி அக்காவுக்கு அதற்குப் பிறகு ஒரே ஆசைதான். உயிரோடு இருக்கும்போது ஒருதரம் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒருநாள் கடைக்கு வந்து கணவரிடம் சொன்னார். “இஞ்சருங்கோ, எங்கள் ரெண்டு பேற்றை பாஸ்போர்ட்டும் முடிஞ்சுபோச்சு. வியாழக்கிழமை வரச்சொல்லி பாஸ்போர்ட் அலுவலகத்திலை டெர்மின் எடுத்திருக்கிறன். ஒருக்கால் லீவு போடுங்கோ.”

அவர் தீவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பாஸ்போர்ட் என்னத்துக்கு? கலியாணத்துக்குப் போகேக்கை எதைக் காட்டிப் போனனாங்கள்?” பணப்பையிலிருந்து ஜேர்மன் அடையாள அட்டையை எடுத்து என் மேசையில் தட்டினார். “இது காணும்.”

“சட்டம் மாறிட்டுது எண்டு தேனுஜா சொல்லுறாள்.”

“நேற்றுப் பிறந்தவள் எனக்கு இங்கிலாந்து படிப்பிக்கிறாளோ? பாஸ்போர்ட் எண்டு சும்மா சொல்லி வெருட்டுறாங்கள். ஜேர்மன்காரனை மறிச்சால் அவங்களுக்கல்லோ வெட்கம்! அந்த டெர்மினை விடும்.”

அந்த அட்டையில் அவருக்கிருந்த பெருமை எனக்கு விளங்காமல் இல்லை. அகதிக்குக் கொடுக்கிற பயணப் புத்தகத்தோடு எத்தனையோ வருடம் ஒவ்வொரு எல்லையிலும் வரிசையை விட்டு விலக்கி நிறுத்தப்பட்டவர். குடியுரிமை கிடைத்தபின் பொக்கற்றிலிருந்து அந்தச் சின்ன அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டே நடக்கிற சுகம் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து நாட்டுக்குச் சாமான் வாங்கப் போனால் நானும் அதைத்தான் நீட்டுவேன். ஆனால் நான் சட்டத்தைப் பார்த்துவிட்டு நீட்டுவேன்.

அன்று கடைக்குள் ஆறேழு பேர் நின்றார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் புருஷனோடு வாதாட சுந்தரேஸ்வரி அக்காவுக்கு மனம் வரவில்லை. டெர்மினை விட்டுவிட்டார்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, லண்டனிலிருந்து புஸ்பவதியின் மகள் ஸ்ரீநிதி போன் எடுத்தாள். “சித்தி, நாளைக்கே வாங்கோ. அம்மா உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா.” வெள்ளிக்கிழமை பின்னேர விமானத்துக்கு அண்ணை ரிக்கற் போட்டார். விமான நிலையத்துக்கு என்னுடைய வானில்தான் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க லண்டனில் அடுத்த பிரதமராக வரப்போகிறவர் யார் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா பின்னால் இருந்து ஒரு போத்தல் தோடம்பழச் சாற்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், தமக்கைக்கு அதுதான் தொண்டையில் இறங்குகிறதாம் என்று. பாதுகாப்புச் சோதனையில் அதை எறியச் சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

அது சோதனை வரைக்கும் போகவேயில்லை. பயணப் பொதி கொடுக்கிற முதல் மேசையிலேயே அங்கிருந்த பெண் இரண்டு அட்டைகளையும் திருப்பித் தள்ளினாள். இங்கிலாந்துக்கு அட்டை செல்லாமல் போய் நாலு வருடமாகிறது, பாஸ்போர்ட் வேண்டும், அதோடு முன்கூட்டியே எடுத்த அனுமதியும் வேண்டும் என்றாள்.

அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். பிரித்தானியாவின் எல்லைக் கொள்கையில் என்ன பிழை என்று ஜேர்மன் மொழியில் விளக்கத் தொடங்கினார். பின்னால் வரிசை நீண்டது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். “நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் விமானத்தில் ஏற்ற முடியாது,” என்றாள்.

சுந்தரேஸ்வரி அக்கா கைபேசியைத் திறந்து, கட்டிலில் கிடக்கும் தமக்கையின் படத்தை அவளுக்குக் காட்டினார். அவள் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அலுவலகம் இனித் திங்கட்கிழமைதான் திறக்கும். அண்ணை ஒரு கதிரையில் போய் இருந்து கேம் பெட்டியை எடுத்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாத மனிதன் வேறு என்ன செய்வான் என்று இரக்கமுள்ளவர்கள் கேட்கலாம். எனக்கு இரக்கம் வரவில்லை. சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை மனிதர். தீவில் ஏதோ கொண்டாட்டம், வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஸ்ரீநிதியின் அழைப்பு வந்தது. கைபேசியைத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

“ஏறிட்டியோ பிள்ளை?” என்று புஸ்பவதி கேட்டா. குரல் நூலாகத்தான் வந்தது.

“ஓம் அக்கா. ஏறப் போறம்.”

“கெதியா வா. நான் நித்திரை கொள்ளாமல் பாத்துக்கொண்டிருப்பன்.”

“நீங்கள் படுங்கோ. கண் முழிக்கேக்கை நான் பக்கத்திலை நிப்பன்.”

கைபேசியை அணைத்தபின் அக்கா தரையில் அப்படியே குந்திவிட்டார். நான்தான் தூக்கி வானுக்குக் கொண்டுவந்தேன். அந்தப் போத்தல் கதிரைக்குக் கீழே கிடந்தது. அண்ணை பெட்டிகளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

புஸ்பவதி ஞாயிறு காலையில் இறந்துபோனா. நோவுக்கும் நித்திரைக்கும் தருகிற மருந்தை அந்த இரண்டு நாளும் வேண்டாமென்று தள்ளியிருக்கிறா. தங்கச்சி வரும்போது நித்திரையில் கிடக்கக் கூடாதாம். இதை ஸ்ரீநிதி போனில் சித்தியிடம் சொல்லியழுதாளாம்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் நிலைமையைச் சொல்ல, உடனேயே ஒரு தற்காலிகப் பாஸ்போர்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு காலைப்பொழுது வேலை. அனுமதியைத் தேனுஜா கார்ஹிங்கிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள். அண்ணை தானும் வரப் புறப்பட்டார். “நீங்கள் வரத் தேவையில்லை,” என்று சொல்லிவிட்டு அக்கா தனியே போனார்.

எங்கள் ஆட்களின் செத்தவீட்டில் உறவுகளின் பெயரை நாட்டோடு சேர்த்து வாசிப்பது வழக்கம். இன்னாருடைய சகோதரி, இன்னாருடைய மைத்துனி என்று ஒன்றும் விடாமல் வாசிக்க வேண்டும். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டதால் பத்து வருடம் பேசாமல் இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். உலகம் முழுக்க இருக்கிற சொந்தங்கள் நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கும்.

செத்தவீட்டன்று அண்ணையும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார். பெரிய திரையில் பார்க்க வேண்டுமாம். சாமான் வாங்க வந்தவர்களும் கூடி நின்றார்கள்.

“...ஜேர்மனியைச் சேர்ந்த சுந்தரேஸ்வரியின் பாசமிகு சகோதரியும், தேனுஜாவின் அன்புப் பெரியம்மாவும்...” வாசித்தவர் கனடாவிலுள்ள உறவுகளின் பெயர்களுக்குப் போய்விட்டார். மைத்துனர்களின் வரிசை வந்தது. கனடாக்காரர் வந்தார், சுவிஸ்காரர் வந்தார். குணசேகரம் வரவில்லை.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. “வாசிக்கிறவன் ஒரு வரியைத் தவறவிட்டிட்டான் றெக்ஸ். ஒருக்கால் போன் எடுத்துச் சொல்லு, தகனத்திலையாவது சரியா வாசிக்கட்டும்,” என்றார். தானே எடுக்க அவருக்குத் துணிவு இல்லை.

எடுத்தேன். வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டேன்.

“தவறேல்லைத் தம்பி,” என்றார் சுந்தரேஸ்வரி அக்கா. “நான்தான் சொல்லி எடுப்பிச்சனான்.”

“அவர் பக்கத்திலைதான் நிக்கிறார் அக்கா.”

“நல்லது, கேக்கட்டும். ஆறு மாதம் நான் இஞ்சை ஸ்ரீநிதியோடை நிப்பன். பிறகு கார்ஹிங்குக்குப் பிள்ளையிட்டைப் போவன். அவர் இருக்கிற வீட்டுக்கு இனி நான் வரமாட்டன்.”

அண்ணை கைபேசிக்குக் கிட்ட வந்து குனிந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

“ஆறு மாதம் முழுசா விடுவாங்கள் எண்டு நிச்சயமில்லை,” என்றார். “அது எல்லையிலை நிக்கிற அதிகாரியைப் பொறுத்தது. அதிலை என்னெண்டால்...”

அக்கா போனை வைத்துவிட்டார். அண்ணை குனிந்தபடியே நின்று, “வேலையும் செய்ய ஏலாது,” என்று மிச்சச் சட்டத்தையும் சொல்லி முடித்தார்.