சாய்ந்து உட்கார ஒரு கூடம்

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு உள்ளலங்காரம் செய்துகொண்டிருந்தவள் நான். அம்மா படுத்த படுக்கையானதும் கோவில்பட்டிக்குத் திரும்பிவிட்டேன். இங்கே கிடைத்ததெல்லாம் ஜவுளிக்கடையும் கல்யாண மண்டபமும்தான். எல்லோருக்கும் ஃபால்ஸ் சீலிங் வேண்டும், அதற்குள் நீல விளக்கு எரிய வேண்டும். செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். தொழிற்சாலையைத்தான் எங்கள் ஊரில் ஆபீஸ் என்போம். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் நேரில் பார்க்க வருகிறார்களாம். பண்டல் போடும் கூடம் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்றார்.

ஒரு பகல் முழுக்க அந்தக் கூடத்தில் இருந்து பார்த்தேன். பெண்கள் தரையில் சாக்கு விரித்து, குனிந்தபடியே தீப்பெட்டிகளை அடுக்கித் தாள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே தகரக் கூரை. ஜன்னல்கள் எட்டாத உயரத்தில். புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆபீஸ் வேனில் வரும் ஒரு அக்காவின் அருகில் போய் உட்கார்ந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வேலைதான் என்றார். இடுப்பு வலிக்கென்று தைலக்குப்பி ஒன்றை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். கூடத்தை மாற்றப் போகிறோம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கையிலிருந்த கட்டைச் சுற்றி முடித்து, அடுத்ததை எடுத்தார்.

"சாஞ்சு உக்கார இடம் இருந்தா போதும்மா. வேற என்னத்தக் கேக்க?" என்றார்.

அதை மனத்தில் வைத்துத்தான் வரைந்தேன். மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற கரிசல் மண்ணில் சுவர் விரிசல் விடும். அதனால் பழைய சுவரை எடுத்துவிட்டு இரும்புச் சட்டங்களை நிறுத்தி, இடையிடையே துளை வைத்த சுட்ட செங்கல்லை அடுக்கினோம். ஊரில் பானை செய்கிறவர்களிடமே அச்சு கொடுத்து அதை வாங்கினேன். உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேராகக் காற்று வந்தது. கூரைக்கு உள்பக்கம் வெப்பம் தடுக்கும் தகடு. இழைத்த பனஞ்சட்டத்தில் பெஞ்சுகள், அவற்றுக்கு இரும்புக் கால். முதுகுச் சாய்வை அந்த அக்காவை உட்கார வைத்தே சரிபார்த்தோம். அவர் சாய்ந்தார். கண்ணை மூடினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "மனுசர் இருக்கிற இடம் மாரி இருக்கு" என்று அவர் சொன்னபோது, படித்த படிப்புக்கு இன்றுதான் அர்த்தம் வந்தது என்று நினைத்தேன்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து படமெடுத்துப் போனார்கள். பெண்கள் நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள்.

மறுவருஷ மழைக்கு முன்னால் முதலாளி மறுபடி கூப்பிட்டார். எல்லாவற்றையும் செய்யும் மெஷின் வரப்போகிறதாம். ஈரக்காற்று அதற்கு ஆகாது, செங்கல் துளைகளை அடைக்க வேண்டும். பெஞ்சுகளை எடுத்துவிட்டு, ஆபரேட்டர் இருக்க ஒரு ஏசி கண்ணாடி அறை வேண்டும்.

பெண்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"லைட்டர் வந்து யாவாரம் படுத்துட்டும்மா. மெஷின் போடலேன்னா நானும் ஆபீஸைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். அவியளுக்கு நான் என்ன செய்ய, நீயே சொல்லு."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இந்த வேலையை நான் செய்யமாட்டேன் என்றேன். பெஞ்சுகளை அந்தப் பெண்களுக்கே கொடுத்துவிடச் சொன்னேன். சரி என்றார், கொடுக்கவும் செய்தார். துளைகளை வேறொருவர் வந்து அடைத்தார். நான் போய்ப் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து அந்த அக்காவைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இளைத்திருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் மகளை பஸ் ஏற்றிவிட வந்திருந்தார். பெஞ்சு வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை என்றும், வெளியே கிடந்து மழையில் கால் துருப்பிடித்துவிட்டது என்றும், குறையாக இல்லாமல், என் மனம் நோகக் கூடாதே என்பதுபோல் சொன்னார். அவருக்கு வேலை எதுவும் அமையவில்லை. இந்த வயதில் யார் சேர்க்கிறார்கள்?

பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க புதுசு புதுசாக் கட்டுதீங்கள்லா, அங்கன எங்கயாச்சும் எனக்கு ஒரு வேலை இருந்தாச் சொல்லுங்கம்மா" என்றார்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று என் கையிலிருந்தது ஒரு நூற்பாலையின் புது அலுவலகம். ஆள் அதிகம் வேண்டியதில்லை, மூன்று நாற்காலி போதும் என்று சொல்லியிருந்தார்கள். புதூர் பஸ் வந்தது. கூட்டத்தோடு முண்டி ஏறியவர், ஜன்னல் வழியாக, தன் நம்பர் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. இன்றுவரை அவரை நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டுச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.