எட்டுச் சிலிண்டருக்குப் பெற்றோல் கொடுக்க மனம் வராதவர்

வீட்டில் தேத்தண்ணி குடித்த கோப்பையைக்கூட எடுத்து வைக்காத மனிதர் என் கணவர். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்ததும் உணவகம் ஒன்றின் குசினிக்குள் நின்று ஊருக்கெல்லாம் கோப்பை கழுவினார். யாழ்ப்பாணத்தில் சொந்தமாகக் கார் திருத்தும் கராச் வைத்திருந்தவர். சவர்க்காரத் தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போயிருக்கும். வேலையால் வந்ததும் நான் எண்ணெய் பூசிவிடுவேன். "இதென்ன பெரிய காயமே" என்று கையை இழுத்துக்கொள்வார். நான் திரும்பப் பிடித்துப் பூசுவேன்.

நாங்கள் இருந்த கட்டடத்துக்குப் பின்னால் ஒரு ஜேர்மன்காரரின் கராச் இருந்தது. அவரிடம் ஒரு பழைய அமெரிக்கக் கார். சிவப்பு நிறம், எட்டுச் சிலிண்டர், எங்கள் வீட்டுக் குசினியையும் கூடத்தையும் சேர்த்த நீளம். எஞ்சினுக்குக் காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கிற காபரேட்டர் தேய்ந்துபோய், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எஞ்சின் அணைந்துவிடும். அவரிடம் வேலை செய்த பெடியன்களுக்குப் புது வண்டிகள்தான் தெரியும். காபரேட்டர் என்றால் திருதிருவென்று முழிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளை என் கணவர் திருத்தியதைப் பார்த்துவிட்டு, கராச்சுக்காரர் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்க்காரர்கள் கூடுகிறார்கள், அதற்குள் இதைச் சரியாக்கித் தந்தால் திங்கட்கிழமையிலிருந்து இவர் தன்னிடமே வேலைக்கு வரலாம் என்றார். என் கணவருக்கு ஜேர்மன் வராது. என்னுடைய ஜேர்மன் மரக்கறிக் கடையிலும் டொக்டரின் வாசலிலும் பொறுக்கியது. ஆனாலும் 'திங்கட்கிழமை', 'வேலை' என்ற இரண்டு சொற்களும் எனக்கு நன்றாகவே விளங்கின. விளங்கியும் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

தேய்ந்ததற்குப் பதிலாகப் போட, கராச் மேசையில் இரண்டு காபரேட்டர்கள் இருந்தன. இரண்டுக்கும் காற்றுப் போக நாலு வாய். ஒன்று பெரிது, ஒன்று சற்றுச் சிறிது. கராச்சுக்காரரின் கை பெரியதையே தடவிக்கொண்டிருந்தது. என் கணவர் இரண்டின் வாய்க்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார்.

"றோட்டில ஓடுற வண்டிக்கு இவ்வளவு வாய் வேண்டாம் எண்டு சொல்லும். மெல்ல ஓடேக்கை காத்து இழுபடாது. சின்னனைப் போடுவம்."

நான் கொச்சை ஜேர்மனில் சொன்னதைக் கேட்டுக் கராச்சுக்காரர் தலையாட்டினார். பெரியது வேண்டாமென்று இன்னொருவரும் தனக்குச் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தார். அன்று மாடிப்படி ஏறும்போது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

பிறகுதான் அதை எஞ்சினுக்குப் பொருந்த வைக்கிற வேலை. காபரேட்டருக்குள் ஜெட் என்று பித்தளையில் சின்னச் சின்ன ஆணிகள் இருக்கின்றன. அவற்றின் நடுவிலுள்ள துளை வழியாகத்தான் பெற்றோல் போகும். துளை பெரிதென்றால் பெற்றோல் கூட, சிறிதென்றால் குறைய. இவர் இருந்ததைக் கழற்றிவிட்டுச் சிறியதைப் போட்டார். ஊருக்குள் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, அதையும் கழற்றி இன்னும் சிறியதைப் போட்டார்.

"இன்னும் குறைக்கிறியளோ?" என்று கேட்டேன்.

"இது குடிக்கிற குடியைப் பாத்தனீரே? அநியாயம்."

அவருடைய கை அப்படிப் பழகிய கை. ஊரில் போர்க்காலத் தடையால் பெற்றோல் வராமல் போனபோது கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர். காபரேட்டரின் வாயில் ஒரு சொட்டுப் பெற்றோலைப் பீச்சி எஞ்சினை உசுப்பிவிட்டு, மிச்சப் பயணமெல்லாம் மண்ணெண்ணெய்தான். அந்தப் பெற்றோல் போத்தல் எங்கள் அலுமாரிக்குள், என் கூறைச்சேலைக்குப் பக்கத்தில் இருந்தது. மணத்தைக் காட்டியே எஞ்சினை ஓட்டிவிடுவார் என்று சனம் இவரைப் பகிடி பண்ணும். அப்படிப் பேரெடுத்தவருக்கு, தாராளமாக ஊற்று என்றால் மனம் வருமா?

சனிக்கிழமை எஞ்சின் அணையாமல் பூனைமாதிரிக் குறுகுறுத்தது. பெற்றோலைப் பற்றவைக்கிற பிளக்குகளைக் கழற்றி இவர் என்னிடம் காட்டினார்.

"இஞ்சை பாரும். ஒரு பொட்டுக் கரி இல்லை."

உண்மையிலேயே வெள்ளை வெளேரென்று இருந்தன. மண்ணெண்ணெய்க் காலத்தில் பிளக்கெல்லாம் சட்டி அடிபோலக் கறுத்துப்போகும். நாள்தோறும் சுரண்டிச் சுரண்டி அலுத்தவர் அவர். வெள்ளைப் பிளக் என்பது அவருக்குக் கனவு. அத்தனை வெள்ளை கூடாது, பெற்றோல் போதாமல் எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது என்று எங்களில் யாருக்குத் தெரியும்? கராச்சுக்காரர் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கைகொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு பழைய கார்க்காரர்களின் கூட்டத்துக்குப் புறப்பட்டார். இவர் முன்னால், நான் பின்னால். ஓட்டோபான் என்கிற அதிவேகப் பாதையில் ஏறியதும் கராச்சுக்காரர் அக்சிலேட்டரை மிதித்தார். முதலில் எனக்கும் நல்ல சந்தோசமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எஞ்சினுக்குள்ளிருந்து கொதியெண்ணெயில் கடுகு வெடிக்கிறமாதிரி ஒரு சத்தம் வந்தது. இவர் முன்னால் குனிந்து காதுகொடுத்தார். குண்டும் குழியுமான தெருவில் கார் திருத்தியவர், ஒரு எஞ்சின் இந்த ஓட்டம் ஓடி அன்றுதான் கேட்கிறார். கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிட்டது.

"காலை எடுக்கச் சொல்லும். பெற்றோல் காணாது, பிஸ்டன் உருகப்போகுது. கெதியாச் சொல்லும்."

எதை வைத்துச் சொல்வது? காய்ச்சலுக்கும் வெங்காயத்துக்கும் என்னிடம் ஜேர்மன் இருந்தது. சந்திப்பு நேரத்துக்கு டெர்மின், விண்ணப்பத்துக்கு அன்ட்ராக் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. பிஸ்டன் உருகுவதற்கு ஒரு சொல்லும் இல்லை. "லாங்சாம், பிற்ற" என்றேன். மெதுவாகப் போங்கோ என்பதற்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். தன் மனைவியும் இப்படித்தான் பயப்படுவாள் என்று இவரிடம் சொன்னார். இவர் உள்ளங்கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். மனிதர் அதையும் பயம் என்றே எடுத்துக்கொண்டார். பயப்படாதீர்கள், உங்கள் கைவேலை எப்படி ஓடுகிறது பாருங்கள் என்று காட்டத்தான் இன்னும் மிதித்தார். அன்பால் செய்தார். அதனால் அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை. இருக்கையைப் பிடித்துக்கொண்டு "லாங்சாம், லாங்சாம்" என்று கிளிப்பிள்ளைமாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெடிச்சத்தம். பின்னால் நீலப் புகை. வண்டி உருண்டுபோய் ஓரத்தில் நின்றது.

கராச்சுக்காரர் இறங்கி ஒரு பிளக்கைக் கழற்றினார். அதன் நுனியில் உருகிய உலோகம் பொட்டுப்பொட்டாக ஒட்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிளக் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கவேண்டும், இப்படி வெளிறக்கூடாது என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்வதுபோல என் கணவருக்கு விளக்கினார். இவர் பிளக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எனக்குச் சத்தத்திலேயே விளங்கினது எண்டு சொல்லும். பெரிய ஜெட் போட்டால் சரி எண்டு சொல்லும். எஞ்சினைக் கழட்டி நானே செய்து தாறன் எண்டு சொல்லும்."

வாயைத் திறந்தேன். லொறிகள் இரைந்துகொண்டு போயின. "மைன் மன்" என்று தொடங்கினேன். என் கணவர். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. "மைன் மன் குட்" என்று முடித்தேன். என் கணவர் நல்லவர்.

கராச்சுக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். இவருடைய தோளில் கையை வைத்து, ஓம் ஓம், நல்ல மனிதர் என்றார். பிறகு, வண்டியை இழுத்துப்போக ஆள் கூப்பிடத் தெருவோரத் தொலைபேசியைத் தேடி நடந்தார்.

"என்ன சொன்னவர்?" என்று இவர் கேட்டார். "நாளைக்கு வேலைக்கு வரட்டாமோ?"

"நீங்கள் நல்ல மனுசனாம்" என்றேன்.

அவர் தன் வெடித்த விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு, கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.